படகுக் கார்: ஜானவாச ஊர்வலத்தில் ஒரு அமெரிக்க வரலாறு

மக்களே, தலைப்பைப் பாத்துட்டு இது ஏதோ பெரிய மனுஷங்க கார் பதிவுன்னு நெனச்சு ஜன்னலை மூடிடாதீங்க. இது கார் வாங்க முடியாதவங்களுக்கான கார் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது பக்கத்துல வெச்சுக்கிட்டு படிங்க :-)

"மஸில் கார்"னு ஒரு சமாச்சாரம் இருக்கே, அதைப் பத்தி அமெரிக்கா போன நம்மாளுங்க எழுதுறதைப் படிச்சிருப்பீங்க. "நான் 1969 மாடல் சார்ஜர் வெச்சிருந்தேன்", "எங்க பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா இன்னமும் 1967 மஸ்டாங் ஓட்டுறார்" அப்படின்னு. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். இந்த மாதிரி நினைவுகள் நம்ம ஊர்ல கிடையாதா? காஞ்சிபுரம் பக்கத்துல ஓரிக்கைல, தறிச் சத்தத்துக்கும் பாலாத்து மணலுக்கும் நடுவுல வளர்ந்தவனுக்கு அமெரிக்கக் கார் நினைவுன்னு ஒண்ணு இருக்க முடியுமா?

இருக்கு. ஆனா அது பந்தய நினைவு இல்ல, கல்யாண நினைவு. எப்படின்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல மஸில் கார்னா என்ன?

சின்ன உடம்பு, பெரிய இஞ்சின். சூத்திரம் அவ்வளவுதான். நடுத்தர சைஸ் காரை எடுத்து, அதுக்குள்ள பெரிய சைஸ் காருக்குன்னு செஞ்ச வி8 இஞ்சினைத் திணிக்கிறது. 1964ல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குள்ள ஒரு விதி இருந்துச்சு. நடுத்தரக் கார்ல 330 கன அங்குலத்துக்கு, அதாவது 5.4 லிட்டருக்கு மேல இஞ்சின் போடக்கூடாதுன்னு. போன்டியாக் பிரிவுல இருந்த ஜான் டிலோரியன் கூட்டணி என்ன பண்ணுச்சுன்னா, 389 கன அங்குல இஞ்சினை தனி மாடலாக் காட்டாம, "வேணும்னா சேத்துக்கலாம்"ங்கிற உபரிச் சாமான் பட்டியல்ல சொருகிட்டாங்க. அதான் ஜிடிஓ. முதல் வருஷமே 32 ஆயிரத்துச் சொச்சம் வித்துச்சு. அதே வருஷம் ஏப்ரல் 17ம் தேதி போர்டு மஸ்டாங் வந்துச்சு. அப்புறம் டாட்ஜ் சார்ஜர், பிளைமவுத் ரோடு ரன்னர், 7 லிட்டர் ஹெமி இஞ்சின்னு ஆளாளுக்கு இறங்கிட்டாங்க. குவார்ட்டர் மைல், அதாவது நம்ம கணக்குல 400 மீட்டர், அதை நின்ன இடத்துலேர்ந்து 14 செகண்டுல தொடணும். லட்சியம் அவ்வளவுதான்.

இதோட வேர் எங்க இருக்குன்னு பாத்தா சிரிப்பு வரும். கள்ளச்சாராயம். அமெரிக்காவுல 1920லேர்ந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு. மலைக்காட்டுல காய்ச்சினதை போலீசுக்கு டிமிக்கி கொடுத்து டவுனுக்குக் கொண்டு போக, பாக்க சாதாரணமா ஆனா ஓட்டத்துல பேயா இருக்குற கார் வேணும். அப்படி வண்டியை முறுக்கேத்திப் பழகினவங்க கைதான் பின்னாடி கார் பந்தயத்துக்குப் போச்சு. நம்ம ஊர்லயும் மதுவிலக்கு வந்துச்சு, 1937ல ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்சார். ஆனா நம்மாளுங்களுக்குக் கிடைச்சது சைக்கிள் டியூப் :-)

அமெரிக்கா மெட்ராசுக்கு வந்த வழி

1964ல ஜிடிஓ வந்தப்ப நம்ம ஊருக்கு ஒண்ணுகூட முறையா வித்தனைக்கு வரல. வர முடியாது. ஏன்னு சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும்.

1926ல போர்டு கம்பெனி இந்தியாவுல கடை விரிச்சது. அது நேரா அமெரிக்கப் போர்டு இல்ல, அதோட கனடா கிளையோட கைப்பிள்ளை. கனடா பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ள இருந்ததால சுங்க வரியில சலுகை. அதோட நம்ம ரோட்டுக்கு வலது பக்க ஸ்டியரிங் வேணும், அதையும் கனடாக்காரங்க செஞ்சு அனுப்பினாங்க. 1928ல ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில செவர்லே கார்களைப் பூட்டி விக்க ஆரம்பிச்சது. பெட்டியில பாகமா வரும், இங்க பூட்டுவாங்க.

மெட்ராஸ் மாகாணத்துல இந்த அமெரிக்க வண்டிகளைக் கிராமத்துக்குக் கொண்டு போனது கார் இல்ல, பஸ்சும் லாரியும்தான். டி.வி.சுந்தரம் ஐயங்காரோட டி.வி.எஸ். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு விநியோகஸ்தர். ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்தப்ப, கரியை எரிச்சு அதுல வர்ற வாயுவுல ஓடுற "கேஸ் பிளான்ட்" செஞ்சு பஸ்சுக்குப் பின்னாடி மாட்டினதும் டி.வி.எஸ்.தான். "கரி பஸ்"னு உங்க தாத்தா பாட்டி சொன்னா அது இதுதான். ஏத்தம் வந்தா ஆம்பளைங்க எல்லாம் இறங்கித் தள்ளணும்.

மூணாவது கை, பம்பாய்ல வால்சந்த் ஹீராசந்த். அவரோட பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944ல ஆரம்பிச்சு, 1947ல வண்டி வெளிய விட ஆரம்பிச்சது. கிரைஸ்லர் கம்பெனியோட கூட்டு. டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்கள், டாட்ஜ், பார்கோ லாரிகள். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. டாட்ஜ் கிங்ஸ்வேன்னு விப்பாங்க, டிசோட்டோ டிப்ளமேட்னு விப்பாங்க, ஆனா பேனட்டைத் தூக்கினா உள்ள இருக்குறது பிளைமவுத்தான். முன்பக்க கிரில்லும் பேரும் மட்டும் வேற. ஒரே மாவு, ஒண்ணு இட்லி, ஒண்ணு தோசை, ஒண்ணு ஊத்தப்பம். இந்த விஷயம் பின்னாடி ரொம்ப உதவப் போகுது, ஞாபகம் வெச்சுக்குங்க.

அப்புறம் 1953. டாரிப் கமிஷன் ஒரு அறிக்கை கொடுத்துச்சு. சும்மா பெட்டியில வந்ததைப் பூட்டி விக்கிறவங்க வேண்டாம், இங்கயே பாகம் செய்யத் திட்டம் வெச்சிருக்கிறவங்க மட்டும் இருங்கன்னு. சர்க்காரும் ஏத்துக்கிச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் 1954ல பூட்டிட்டுப் போச்சு, போர்டும் அதே காலத்துல போச்சு. பிரீமியர் மெதுவா பியட் பக்கம் திரும்பிடுச்சு. அதுக்கு மேல 1957ல அன்னியச் செலாவணி நெருக்கடி. வெளிநாட்டுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்னே போச்சு.

அப்ப 60கள்ல நம்ம சினிமாக்காரங்களும் மில் முதலாளிங்களும் ஓட்டின இம்பாலா எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பெரும்பாலும் தூதரகத்துலேர்ந்து. தூதரக அதிகாரிங்க வரி இல்லாம கொண்டு வந்த காரை, போகும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமா வித்துட்டுப் போவாங்க. அதை எடுக்கத்தான் அடிதடி. இன்னொரு வழி, வெளிநாட்டுல வேலை பாத்துட்டு நிரந்தரமா திரும்பி வர்றவங்க தங்களோட காரைக் கூடவே கொண்டு வர்றது. எப்படிப் பாத்தாலும் வந்தது கொஞ்சம் பெரிய கார்கள்தான். பந்தய வகையறா, அந்த ஜிடிஓ, ஹெமி எல்லாம் நாம படத்துல பாத்ததோட சரி.

நம்ம ஊர்ல வேகப் பைத்தியம் இல்லாம இல்ல. 1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சு, சோழவரத்துல போர்க்கால விமான ஓடுதளத்துல பந்தயம் விட்டாங்க. 90 வாக்குல அது நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறுச்சு. ஆனா அங்க ஓடினதுல பெரும்பாலும் கையில இருக்குற பியட்டையும் ஹெரால்டையும் சொரண்டி, தேய்ச்சு, எடை குறைச்சு ஓட்டினதுதான். இருக்கிறதை வெச்சு முறுக்கேத்துறது. அந்த விதத்துல மஸில் காரோட ஆவி அங்க இருந்துச்சுன்னே சொல்லலாம்.

ஆட்டுக்கெடா வண்டி

இப்ப எங்க ஊருக்கு வரேன். ஓரிக்கைங்கிற பேருக்கு ஒரு கதை சொல்வாங்க. பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரை விட்டுப் போகச் சொல்ல, கூடவே திருமழிசை ஆழ்வாரும் கிளம்ப, பின்னாடியே பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கிட்டு கிளம்பி, மூணு பேரும் ஒரு ராத்திரி தங்கின இடம் "ஓரிரவு இருக்கை". அதுதான் ஓரிக்கை ஆச்சாம். ஒரு ராத்திரி தங்கினதுக்கே பேர் வாங்கின ஊரு. எங்க பெரியப்பாவோட தொழிலும் ஒரு ராத்திரி வாடகைதான். ஜானவாசக் கார்.

இப்ப இருக்குற பசங்களுக்கு: ஜானவாசம்னா கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டு போட்டு, மேல்கூரை இல்லாத காரில் உக்கார வெச்சு, நாதஸ்வரம், பேண்டு, தலையில கேஸ் லைட்டு தூக்கினவங்க புடைசூழ ஊர்கோலம் விடுறது. மத்தவங்க வீட்டுல மாப்பிள்ளை அழைப்பும்பாங்க. மாப்பிள்ளை மடியிலயும் சுத்தியும் சொந்தக்காரப் பசங்க பத்து பேரு ஏறி உக்காந்திருக்கும். பட்டுச்சேலைக்காக ஊரே வந்து போற காஞ்சிபுரத்துல கல்யாணத்துக்குக் குறைச்சல் உண்டா?

பெரியப்பா வண்டி 1951 மாடல் டாட்ஜ் கிங்ஸ்வே. உத்திரமேரூர் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டுக் கொட்டாயில் கோழி அடைஞ்சிட்டு இருந்ததை 60களோட கடைசியில வாங்கினார். பேனட் முனையில டாட்ஜோட அடையாளம், கொம்பு வெச்ச ஆட்டுக்கெடா பொம்மை. ஊர்ல யாரும் டாட்ஜ்னு சொன்னதே இல்ல. "ஆட்டுக்கெடா வண்டி"தான். வயசானவங்க "பிளஷர் காரு"ம்பாங்க. இந்த பிளஷர்ங்கிற வார்த்தையை கவனிச்சிருக்கீங்களா? பஸ், லாரி மாதிரி வேலைக்கு ஓடாம சொந்த உல்லாசத்துக்கு ஓடுற வண்டின்னு பிரிச்சுச் சொன்ன இங்கிலீஷ் வார்த்தை. இங்கிலீஷ்காரன் மறந்துட்டான், நம்ம கிராமத்துக் கெழவிங்க காப்பாத்தி வெச்சிருந்தாங்க.

அந்த வண்டியை வெச்சு மேய்க்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பெரியப்பா திண்ணையில உக்காந்து சொன்னதையும், நான் கூட நின்னு பாத்ததையும் எழுதுறேன்.

முதல் விஷயம், எலக்ட்ரிக்கல் 6 வோல்ட். அதுலயும் பிளஸ் முனையை பாடியோட சேத்திருப்பான். இப்ப எல்லா வண்டியும் 12 வோல்ட், மைனஸ் முனைதான் பாடியில. தெரியாத எலக்ட்ரீஷியன் கை வெச்சா அன்னைக்கு வயரிங் காலி.

ரெண்டாவது, வீல் போல்ட். கிரைஸ்லர் வண்டிகள்ல இடது பக்கச் சக்கரத்துக்கு மரை இடது மரை. அதாவது கழட்டணும்னா நாம வழக்கமா முடுக்குற பக்கம் திருப்பணும். ஓடும்போது சக்கரம் சுத்துற திசையில போல்ட் தானா லூசாகக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. பஞ்சர் போட வந்த பையன் பாதிப் பேரு பலம் கொண்ட மட்டும் திருப்பி போல்ட்டை ஒடிச்சிருக்கான். பெரியப்பா பஞ்சர் கடைக்குப் போனா முதல்ல ஸ்பேனரைத் தன் கையில வாங்கிக்குவார்.

மூணாவது, ஸ்பேர் பார்ட்ஸ். இங்கதான் அந்த இட்லி தோசை மாவு உதவும். டாட்ஜுக்குக் கிடைக்கலையா, பிளைமவுத்தோடதைப் போடு. அதுவும் இல்லையா, டிசோட்டோ. இல்லையா, சின்ன பார்கோ வேனுலேர்ந்து எடு. எதுவுமே இல்லேன்னா இருக்கவே இருக்கு மெட்ராஸ் புதுப்பேட்டை. அங்கயும் இல்லேன்னா லேத்துப் பட்டறையில கடைஞ்சு எடுக்கணும்.

நாலாவது, பெட்ரோல். 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர் இஞ்சின். லிட்டருக்கு அஞ்சு ஆறு கிலோமீட்டர் கொடுத்தா அன்னைக்கு சாமி கும்பிடணும்.

97 குதிரையும் நடை வேகமும்

அந்த இஞ்சினுக்குக் காகிதத்துல 97 குதிரைசக்தி. பின்னால வந்த ஹெமியோட 425க்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. ஆனா ஜானவாசத்துக்கு இதை அடிச்சுக்க ஆள் கிடையாது. காரணம் இருக்கு.

நீளமான ஸ்ட்ரோக், குறைவான கம்ப்ரஷன். அதனால இஞ்சின் மெதுவா சுத்தும்போதே இழுவை நிறைய. பஸ்ட் கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம விட்டாலே, பத்துப் பதினஞ்சு பேரைத் தூக்கிக்கிட்டு, உலுக்காம, நாதஸ்வரக்காரர் நடைக்கு நடை போகும். சின்ன இஞ்சின் காரா இருந்தா கிளட்சை விட்டு விட்டுப் பிடிக்கணும், மாப்பிள்ளை தலை ஆடும், கிளட்ச் கருகும். ரகுபதி ராகவன்னு யாராச்சும் ஓட்டினாலும் முடியாது.

இன்னொரு காரணம், மேல்கூரை. ஜானவாசக் கார்ல பலது கம்பெனியில திறந்த காரா வந்தது இல்ல. நம்ம டிங்கர் மேஸ்திரிங்க ரம்பத்தைப் போட்டு கூரையை அறுத்து எடுத்ததுதான். பெரியப்பா வண்டியும் அப்படித்தான். அறுத்தும் ஏன் வண்டி நடுவுல தொய்யலைன்னா, அந்தக் கால டாட்ஜுக்கு அடியில லாரி மாதிரி தனியா இரும்புச் சட்டம் உண்டு. பாடி சும்மா மேல உக்காந்திருக்கு, பாரத்தைச் சட்டம் தாங்கும். அம்பாசடருக்கு அந்தத் தனிச் சட்டம் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. கூரையை அறுத்தா கதவு மூடாது. ஊர்ல அத்தனை அம்பாசடர் இருந்தும் ஜானவாசத்துக்கு அமெரிக்கக் காரைத் தேடினதுல பகட்டு பாதி, இந்த இரும்புச் சட்டம் மீதி.

பிரச்சனையும் இருந்துச்சு. முன்னாடி கிரில்லை மூடி பூ அலங்காரம் பண்ணிடுவாங்க. காத்து போகாது. வண்டியும் நடை வேகம். இஞ்சின் சுத்தினாத்தான் பேன் சுத்தும், இஞ்சினோ மெதுவா சுத்துது. சன்னதித் தெரு முக்கு திரும்பறதுக்குள்ள ரேடியேட்டர் கொதிச்சு ஆவி கிளம்பும். பெரியப்பா சீட்டுக்கு அடியில ரெண்டு கேன் தண்ணியும், பூக்காரரோட சண்டை போட ஒரு நாக்கும் எப்பவும் ரெடியா வெச்சிருப்பார். "கிரில்லுல ஒரு சாண் விட்டு கட்டுய்யா, மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டலன்னாலும் என் வண்டிக்கு முட்டுது".

அமெரிக்காவுல அதே கம்பெனி வண்டி 400 மீட்டரை 14 செகண்டுல தாண்டிட்டு இருந்த காலத்துல, எங்க ஆட்டுக்கெடா அதே 400 மீட்டருக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கும். நடுவுல ரெண்டு தில்லானா வேற. எது பெரிய சாதனைன்னு நீங்களே சொல்லுங்க.

1973

ரெண்டு ஊர் கதையும் ஒரே வருஷத்துல முட்டிக்குது. அமெரிக்காவுல மஸில் காருக்கு ஏற்கனவே மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. இளவட்டங்க ஓட்டுற பெரிய இஞ்சின் காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனிங்க தொகையை ஏத்திட்டாங்க. 1970ல காற்று மாசுச் சட்டம் வந்து, 1971லேர்ந்து இஞ்சின் கம்ப்ரஷனைக் குறைக்க ஆரம்பிச்சாங்க. 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும், நாலே மாசத்துல கச்சா எண்ணெய் விலை கிட்டத்தட்ட நாலு மடங்கு. 1974ல வந்த மஸ்டாங்ல நாலு சிலிண்டர் இஞ்சின். யானையைக் கட்டி மேய்ச்சவன் வீட்டுல ஆட்டுக்குட்டி.

இங்கயும் அதே எண்ணெய்தானே. சர்க்கார் பெட்ரோல் விலையை எக்கச்சக்கமா ஏத்திச்சு. நவம்பர்ல வாஜ்பாய் மாட்டு வண்டியில பார்லிமென்ட் போனது இதுக்காகத்தான். நாடு பூரா பெரிய அமெரிக்கக் கார் வெச்சிருந்தவங்க ஷெட்டுல போட்டுப் பூட்டினாங்க, இல்ல காயலாங்கடைக்குத் தள்ளினாங்க. மிச்சம் பிழைச்ச வண்டிங்க எப்படிப் பிழைச்சுதுன்னா, இஞ்சினை மாத்தி. மெட்ராஸ் செம்பியத்துல சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் இஞ்சின் செஞ்சுட்டு இருந்துச்சு. பழைய பெர்கின்சை எடுத்து அமெரிக்க உடம்புல பூட்டிடுவாங்க. எங்க ஆட்டுக்கெடாவுக்கும் 70கள்ல நாலு சிலிண்டர் பெர்கின்ஸ் வந்துச்சு. அதோட அந்த வழுக்குற ஓட்டம் போச்சு. "டட டட"ன்னு மாப்பிள்ளை கழுத்து மாலையே அதிரும். பெரியப்பா கடைசி வரைக்கும் இதைச் சொல்லி வருத்தப்படுவார். ஆனா அந்த டீசல் இஞ்சின்தான் அப்புறம் இருபது வருஷம் எங்க வீட்டு ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்சு கட்டிக் கொடுத்துச்சு.

எது ஒரிஜினல்?

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

2000க்கு அப்புறம் ஜானவாசமே குறைஞ்சு போச்சு. மண்டபத்துக்குள்ளயே ரிசப்ஷன் வந்துடுச்சு. ஊர்கோலம் வேணும்னாலும் குதிரை பூட்டின சாரட்டைக் கேக்குறாங்க. பெரியப்பா 2004ல போயிட்டார். வண்டி புளியமரத்தடியில நின்னுச்சு. பழைய கார் சேக்கிற ஒருத்தர் மெட்ராஸ்லேர்ந்து வந்து பாத்தார். நல்ல மனுஷன், ரொம்ப மரியாதையாப் பேசினார். பேனட்டைத் தூக்கிப் பாத்தார், டீசல். கூரையைப் பாத்தார், அறுத்திருக்கு. "ஒரிஜினலா எதுவுமே இல்லையே சார், இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுட்டு, அந்த ஆட்டுக்கெடா பொம்மையை மட்டும் விலைக்குக் கேட்டார். பெரியம்மா கொடுக்கல. மூணு மாசம் கழிச்சு வண்டி கிலோ கணக்குல காயலாங்கடைக்குப் போச்சு.

அவரைக் குத்தம் சொல்லல. பழைய கார் உலகத்துல அதான் கணக்கு. கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே, அதே பெயின்ட், அதே இஞ்சின் நம்பர் இருந்தா விலை. அமெரிக்காவுல மஸில் காருக்கு லட்சக்கணக்குல டாலர் கொடுக்கிறதும் இதுக்குத்தான். நம்ம ஊர்லயும் பழைய கார் பிரியர்கள் நல்ல வேலை பண்றாங்க. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் ஊர்வலத்தை வாய் பிளந்து பாத்தவன் நான். கோவையில ஜி.டி.நாயுடு குடும்பத்தோட கார் மியூசியத்துக்குப் போனா நாள் போறதே தெரியாது. 2021ல மத்திய சர்க்காரே 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குன்னு தனிப் பதிவு முறை கொண்டு வந்துச்சு. நம்பர்ல "விஏ"ன்னு வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும்.

ஆனா அதே விதியில என்ன இருக்கு தெரியுமா? வண்டி அசலான உருவத்துல இருக்கணும், பெரிசா எதையும் மாத்தியிருக்கக் கூடாது. தினப்படி ரோட்டுலயும் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. அதாவது எங்க ஆட்டுக்கெடா மாதிரி வண்டி இன்னைக்கு இருந்திருந்தாலும் சட்டப்படி அது "பாரம்பரியம்" இல்ல!

இங்கதான் எனக்கு உறுத்துது. கூரையை அறுக்கலைன்னா அந்த வண்டிக்கு 70கள்ல பிழைப்பு இல்ல. டீசல் மாத்தலைன்னா 80கள்ல பிழைப்பு இல்ல. மாத்தினதாலதான் அது அரை நூற்றாண்டு உயிரோட இருந்துச்சு. அப்படின்னா அந்த ரம்பம் போட்ட கோடும், பெர்கின்ஸ் இஞ்சினும், லேத்துல கடைஞ்ச போல்ட்டும்தானே இந்த ஊரோட வரலாறு? 1951ல தொழிற்சாலையிலேர்ந்து வெளிய வந்த நிமிஷம் மட்டும்தான் ஒரிஜினல், அப்புறம் 50 வருஷம் நம்ம டிங்கரும் மெக்கானிக்கும் டிரைவரும் செஞ்சதெல்லாம் சேதாரம்னு எப்படிக் கணக்கு போடறது? கோயில்ல பல்லவன் கட்டினது மேல சோழன் கட்டி, அதுக்கு மேல விஜயநகரத்தான் கோபுரம் வெச்சா, அடுக்கடுக்கா வரலாறும்போம். காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேணாம். காருக்கு மட்டும் ஏன் ஒரே அடுக்கு?

அழகா மீட்டெடுத்த ஒரிஜினல் காரும் வேணும். வேண்டாம்னு சொல்லல. ஆனா கூரை அறுத்த ஒரு ஜானவாசக் காரையாவது, அறுத்தது அறுத்தபடியே, டீசல் இஞ்சினோட, சீட்டுக்கடியில தண்ணிக் கேனோட யாராச்சும் காப்பாத்தி வெச்சா, அதுக்கு ஈடு டெட்ராய்ட்ல கிடைக்காது. ஏன்னா அது டெட்ராய்ட்ல செஞ்சது இல்ல, இங்க செஞ்சது.

வட்டம்

கடைசியா ஒரு விஷயம். 50கள்ல போன போர்டு 90கள்ல திரும்பி வந்து, எங்க பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துலயே, மறைமலைநகர்ல 1999லேர்ந்து ஐகான் கார் செஞ்சது. அங்க செஞ்ச ஈகோஸ்போர்ட் பின்னாடி அமெரிக்காவுக்கே கப்பல் ஏறிப் போச்சு. கனடாவுலேர்ந்து பெட்டியில வந்த காலம் போய், பாலாத்துத் தண்ணி குடிச்சவன் செஞ்ச கார் அமெரிக்க ரோட்டுல ஓடுச்சு. 2016ல மஸ்டாங்கும் நம்ம ஊருக்கு முறையா வந்துச்சு, 5 லிட்டர் வி8, ஷோரூம் விலை 65 லட்சம். ஜிடிஓ காலத்துல ஏங்கினவங்களோட பேரன்களுக்கு 52 வருஷம் கழிச்சு கதவு திறந்துச்சு. 2021 செப்டம்பர்ல போர்டு மறுபடி மூடறேன்னு அறிவிச்சு, 2022ல மறைமலைநகர்ல கடைசி வண்டி வெளிய வந்துச்சு. எத்தனை குடும்பத்துக்கு அது இடின்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். 2024ல ஏற்றுமதிக்காகத் திரும்ப ஆரம்பிக்க விருப்பம்னு தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தாங்க. வருவாங்க, போவாங்க. அவங்க விட்டுட்டுப் போற வண்டியை ஓட வைக்கிறது என்னவோ எப்பவும் நம்ம பட்டறைக்காரர்தான்.

அதனால ஒரு வேண்டுகோள் மக்களே. நம்ம ஊர் அமெரிக்கக் கார் வரலாறு புத்தகத்துல கொஞ்சம்தான் இருக்கு. மீதி பூரா உங்க வீட்டுப் பரண்ல, கல்யாண ஆல்பத்துல இருக்கு. அப்பா அம்மா, தாத்தா பாட்டி கல்யாண போட்டோவை எடுங்க. மாலையும் கழுத்துமா இருக்கிறவங்களைப் பாத்தது போதும், கீழ இருக்குற காரைப் பாருங்க. கிரில் எப்படி இருக்கு, பேனட்டுல என்ன பொம்மை, நம்பர் என்ன, ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறது யாருன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதி வையுங்க. பாதி பேருக்கு டிரைவர் பேர்கூட ஞாபகம் இருக்கும், கேட்டுத்தான் பாருங்களேன். கேக்க ஆள் இருக்கும்போதே கேட்டுடணும்.

எழுதினா பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நான் முதல் ஆளா வந்து படிப்பேன்.

டிஸ்கி: அந்த ஆட்டுக்கெடா பொம்மை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பெரியம்மா வீட்டு சாமி மாடத்துல விநாயகருக்குப் பக்கத்துல இருக்கு. வெள்ளிக்கிழமை பொட்டும் வெக்கிறாங்க. விலைக்கெல்லாம் கேட்டு வந்துடாதீங்க :-)